கருப்பை வாயில் சி.ஐ.என். 3: லீப் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. திருமணமாகி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓராண்டாகக் குழந்தைக்கு முயன்றும் தள்ளிப்போகவில்லை என்பதால் மருத்துவரைப் பார்க்கப் போனோம். அங்கே மற்றச் சோதனைகளோடு, கருப்பை வாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரும் எடுத்தார்கள். அதில் உயர்நிலை மாற்றம் என்று வந்ததால், கோல்போஸ்கோப்பி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை செய்து, சிறு துணுக்கு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். நேற்று முடிவு வந்தது: சி.ஐ.என். 3. கருப்பை வாயின் மேற்படலச் செல்களில் வரும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்கு அந்தப் பெயராம்; 1, 2, 3 என்ற நிலைகளில் 3தான் கடுமையானதாம்.

"இது புற்றுநோய் அன்று, ஆனால் விட்டுவைக்கக் கூடாது; மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடலாம், அதற்கு லீப் என்று பெயர்" என்று மருத்துவர் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, பிறகு குழந்தை தங்குமா என்பதுதான். "ஒன்றும் ஆகாதும்மா" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார். எனக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள் என்பதால் அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

வீட்டில் அத்தை மாதம் தவறாமல் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்கிறார். கருப்பை வாயில் வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று அவரிடம் சொன்னால், கருப்பையையே எடுக்கப்போவதாகத்தான் அவர் காதில் விழும். முதலில் குழந்தை பெற்றுக்கொண்டு, பிறகு இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் யாரேனும் இருந்தால், உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

பவளமல்லி எழுதியது:

தங்கை, உங்கள் வயதில்தான் எனக்கும் இது வந்தது. 2017இல் லீப் செய்துகொண்டேன். இப்போது இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 36ஆவது வாரத்தில் பிறந்தாள். இரண்டாமவன் முழு மாதமும் இருந்து, நாள் கடந்தும் வெளியே வராமல் எங்களைக் காக்கவைத்தான்.

சிகிச்சை நாளைப் பற்றி யாரும் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். கருப்பை வாயில் மரத்துப்போக ஊசி போட்டவுடன் ஒன்றிரண்டு நிமிடங்கள் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கால்கள் நடுங்கும். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோனேன். அந்த ஊசி மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின்தான் அதற்குக் காரணமாம், தானே அடங்கிவிட்டது. தொடையில் ஒரு தகட்டை ஒட்டுவார்கள். புகையை இழுக்கும் இயந்திரம் ஓசையிடும், தீய்ந்த வாடை வரும். எடுக்கும் நேரம் என்னவோ சில நொடிகள்தான். மேசையில் ஏறி இறங்க மொத்தம் இருபது நிமிடங்கள் ஆகியிருக்கும். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சில நாள்கள் காப்பித்தூள் மண்டி போலக் கறுப்பாகப் படும். இரத்தம் நிற்பதற்காகத் தடவிய பசை அது. இதை முன்பே சொல்லியிருந்தால் நான் நள்ளிரவில் கழிவறையில் அழுதிருக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்துப் பொருக்கு உதிரும்போது மீண்டும் கொஞ்சம் இரத்தம் படலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவுக்குப் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு வாரங்களுக்குத் தாம்பத்தியம் கூடாது, கிணற்றிலோ குளத்திலோ இறங்கிக் குளிக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்றார்கள்.

வைகைச்செவிலி எழுதியது:

நான் கோல்போஸ்கோப்பி பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் செவிலி. மருத்துவர் அல்லேன், உங்கள் அறிக்கையைப் பார்த்தவளும் அல்லேன். ஆனால் உங்கள் கேள்வியை நாள்தோறும் கேட்கிறேன், பெரும்பாலும் மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, தாழ்ந்த குரலில்.

"குழந்தை தங்குமா" என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரு உண்டாகுமா என்பது ஒன்று. உண்டான கரு நிறைமாதம் வரை நிற்குமா என்பது மற்றொன்று. முதலாவதைப் பொறுத்தவரை, இந்தச் சிகிச்சை கருவுறும் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. கருமுட்டையும் கருக்குழாயும் கருப்பையும் இந்தச் சிகிச்சையின் எல்லைக்குள் வருவதே இல்லை. அரிதாகச் சிலருக்குத் தழும்பு காரணமாகக் கருப்பை வாயின் துளை சுருங்கி, மாதவிடாய் சரியாக வெளியேறாமல் வலிக்கும். அப்படி நேர்ந்தால் அதை விரித்துவிட வழி உண்டு.

இரண்டாவது கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்ற பதில் முழுமையானது அன்று. கருப்பை வாய் என்பது பத்து மாதமும் கதவைச் சாத்தி வைத்திருக்கும் பகுதி. அதில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, பிரசவம் முன்கூட்டியே நிகழும் வாய்ப்புக் கூடுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், சிகிச்சை பெறாத பெண்களில் 100க்கு 5 பேர் அளவிலும், சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 11 பேர் அளவிலும் 37 வாரத்துக்கு முன்பே பிரசவித்திருந்தார்கள். இரு மடங்கு என்று கேட்டால் திகிலாக இருக்கும். 100இல் 89 பேர் நாள் நிறைந்து பெற்றார்கள் என்பதும் அதே கணக்குதான். அந்த 11 பேரிலும் பலர் நம் பவளமல்லியைப் போல 35, 36 வாரத்தில் பெற்றவர்கள்.

ஆகவே நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "எத்தனை மில்லிமீட்டர் ஆழம் எடுப்பீர்கள்?" என்பதுதான். மாற்றமடைந்த பகுதி முழுவதும் வெளிப்புறத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தால் 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை போதும். அந்த அளவில் கூடுதல் ஆபத்து சிறிது. 15ஐத் தாண்டினால் கவலை கூடுகிறது. 20ஐ எட்டினால் முன்கூட்டிய பிரசவ வாய்ப்பு பல மடங்காகிறது. கத்தியால் கூம்பு வடிவில் எடுக்கும் பழைய முறையில் பொதுவாக ஆழம் அதிகம். எடுத்த துண்டின் அளவு நோய்க்கூறு அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளை நகைப்பெட்டியில் வைத்துப் பாதுகாக்கச் சொல்வது என் வழக்கம். கருவுற்றபின் பார்க்கும் மருத்துவர் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் இருப்பார், அவருக்கு அந்த எண் தேவைப்படும்.

கீழவீதி எழுதியது:

சகோதரியைப் பயமுறுத்த வேண்டாம். என் நாத்தனாருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. இதை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி தானே போய்விடும் என்று மருத்துவர்களே எழுதுகிறார்கள். புற்றுநோயாக மாறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் எனும்போது, ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு நிதானமாகச் செய்துகொள்ளலாமே? கருப்பை வாயைத் தொட்டபின் வருந்துவதைவிட அது மேல்.

தென்றல்_ஆக்லாந்து எழுதியது:

கீழவீதி அவர்களுக்கு: உங்கள் நாத்தனாருக்கு வந்தது எந்த நிலை? சி.ஐ.என். 1 என்றால் நீங்கள் சொல்வது சரி; அது பெரும்பாலும் தானே மறைகிறது, அதற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. 3 என்பது வேறு.

வேறு என்பதை உலகம் அறிந்துகொண்ட இடங்களில் ஒன்று நான் வாழும் இந்த ஊர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், 1960களின் நடுப்பகுதி தொடங்கி, இந்த நிலை புற்றுநோயாக மாறாது என்று நம்பிய ஒரு பேராசிரியர், பல பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் "கவனித்து" மட்டும் வந்தார். அந்தப் பெண்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. அவர்களில் பலருக்குத் தாங்கள் காத்திருக்க வைக்கப்பட்டிருப்பதே தெரியாது. 1987இல் ஒரு மாத இதழ் இதை வெளிக்கொணர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, 1988இல் அறிக்கை வந்தது. பின்னாளில் பழைய கோப்புகளை ஆராய்ந்தபோது, துணுக்கு மட்டும் எடுத்து விடப்பட்டவர்களில் 30 ஆண்டுகளில் 100க்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. தொடக்கத்திலேயே உரிய சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. நோயாளியின் உரிமைகள் பற்றிய இந்நாட்டுச் சட்டவிதிகளுக்கு அந்த விசாரணையே அடித்தளம்.

எழுபது பேருக்கு வரவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அந்த முப்பது பேருக்குள் வரப்போவது யார் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.

வைகைச்செவிலி எழுதியது:

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். "ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு" என்பது சொல்லும்போது ஒரு வரி. நாள்காட்டியில் அது மூன்று ஆண்டுகளாகலாம். ஓராண்டாக முயன்றவர் இவர். இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. பிறகு பத்து மாதம். பிரசவத்துக்குப் பின் புண் ஆறும் காலம். கைக்குழந்தையை விட்டு வர முடியாத காலம். குழந்தை பிறந்ததும் வருகிறேன் என்று போன பெண்கள் அந்தக் குழந்தை பள்ளியில் சேர்ந்த பிறகு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். காத்திருந்து மாற்றம் உள்ளே பரவினால், அப்போது எடுக்க வேண்டிய ஆழமும் கூடும். கருப்பை வாயைக் காப்பாற்றத் தள்ளிப்போட்டு, அதிலேயே அதிகம் இழக்கும் நிலை அது.

ஏற்கெனவே கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு இந்த முடிவு வந்தால் கதை வேறு. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவ்வப்போது கோல்போஸ்கோப்பியில் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகே சிகிச்சை தருவார்கள்.

ஒட்டன்சத்திரம் எழுதியது:

இழையிலிருந்து சற்று விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கில், அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ மையத்தின் வழியாக ஊர் ஊராக வந்து, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பை வாய்ச் சோதனை செய்தார்கள். அசிட்டிக் அமிலம், அதாவது நீர்த்த புளிக்காடி போன்ற திரவத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று செவிலியர் பார்ப்பார்கள். மாறினால் உறையவைக்கும் சிகிச்சையையும் செவிலியரே கொடுத்தார்கள். என் அம்மா போகவே மாட்டேன் என்று தோட்டத்தில் ஒளிந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். 31,000க்கும் மேற்பட்டோர் அதில் சோதிக்கப்பட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் சாவு அந்தக் கிராமங்களில் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளிவந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வெட்டி எடுக்காமல் உறையவைத்தோ சுட்டோ அழிக்கும் முறையும் உண்டே, குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது நல்லதில்லையா?

வைகைச்செவிலி எழுதியது:

நல்ல கேள்வி. மாற்றம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்துளைக்குள் போகாமல், புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இல்லாமல் இருந்தால் அழிக்கும் முறையைச் செய்யலாம். முன்கூட்டிய பிரசவ ஆபத்தும் அதில் குறைவு. குறை என்னவென்றால், சோதனைச்சாலைக்கு அனுப்பத் துண்டு எதுவும் கிடைக்காது. நொய்யல்கரை இதையும் மருத்துவரிடம் கேட்கலாம். அவர் லீப்பையே தேர்ந்தெடுத்தால், ஏன் என்ற காரணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பயம் போகவில்லை, ஆனால் எதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்றாவது இப்போது தெரிகிறது.

வேறொரு கேள்வியை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இது எச்.பி.வி. எனும் கிருமியால், உடலுறவு வழியாக வருவது என்று படித்தேன். எனக்கு அவரைத் தவிர யாருமில்லை. அவரும் அப்படியே சொல்கிறார். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்று நினைப்பது எவ்வளவு கொடுமை என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

மணிமுத்தாறு எழுதியது:

நான் ஓர் ஆண். இந்த இழையில் எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் உங்கள் கணவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் மனைவிக்கு இந்த முடிவு வந்தபோது, திருமணத்துக்கு முன் எனக்கு ஓர் உறவு இருந்ததை அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று வாரம் பேசவில்லை. பிறகு மருத்துவரே இருவரையும் உட்காரவைத்து விளக்கினார்: இந்தக் கிருமி பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் உடலில் கிடக்கும்; எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது; உடலுறவு கொள்ளும் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பெற்று, தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு இதற்கென வழக்கமான சோதனையும் கிடையாது. கேள்வியைக் கேட்பது தவறில்லை; ஆனால் இந்த அறிக்கையை அதற்கான சாட்சியாக வைக்காதீர்கள், அது சாட்சி சொல்லாது.

மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துப்போங்கள். வாசலில் வண்டியோடு நிற்கவிடாமல், உள்ளே உட்காரவையுங்கள்.

தாழம்பூ எழுதியது:

நல்ல முடிவுகளை மட்டுமே படித்துவிட்டுப் போனால் ஏமாற்றமாகும் என்பதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். எனக்கு இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டாவது முறை கத்தியால், ஆழமாக. முதல் கரு 20ஆவது வாரத்தில், வலியே இல்லாமல் போய்விட்டது. கருவுற்றபோது பார்த்த மருத்துவரிடம் பழைய சிகிச்சையைப் பற்றி நான் சொல்லவில்லை. அது "அந்த இடத்து" விஷயம், முடிந்துபோனது, மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை முதல் நாளே சொன்னேன். 16ஆவது வாரத்திலிருந்து உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்தார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதும் தையல் போட்டார்கள். 37ஆவது வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். நான்காம் நாள் மகன் பிறந்தான். எல்லோருக்கும் தையல் தேவைப்படாது. சிலருக்கு புரொஜெஸ்டிரான் மாத்திரையை உள்ளே வைத்தாலே போதும் என்கிறார்கள், பலருக்கு எதுவுமே வேண்டியதில்லை. ஆனால் அளக்க வேண்டும். அளப்பதற்கு, நீங்கள் சொல்ல வேண்டும்.

கீழவீதி எழுதியது:

நாத்தனாரிடம் கேட்டேன். அவருடைய அறிக்கையில் 1 என்றுதான் இருந்ததாம். நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

நேற்று முன்தினம் லீப் முடிந்தது. அவர் உள்ளே வந்தார். திரையில் தெரிந்ததை இருவரும் பார்த்தோம். அயோடின் தடவியதும் நல்ல இடமெல்லாம் கருங்காலி நிறத்துக்கு மாற, ஒரு பக்கம் மட்டும் கடுகு விழுது அப்பியது போல மஞ்சளாகவே நின்றது. இத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நகக்கண் அளவு மஞ்சள்தானா என்று தோன்றியது. ஊசி போட்டதும் கால் நடுங்கியது. பவளமல்லி அக்கா சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன், செவிலியர் விநோதமாகப் பார்த்தார்.

மில்லிமீட்டர் கேள்வியைக் கேட்டேன். மருத்துவர் முதன்முறையாகக் கோப்பிலிருந்து தலைநிமிர்ந்து பார்த்து, படம் வரைந்து காட்டினார். உள்துளையின் விளிம்பு வரை மாற்றம் நெருங்கியிருந்ததால் சுடும் முறை ஒத்துவராது என்பதையும் விளக்கினார். அத்தையிடம், "கருப்பை வாயில் ஒரு புண், அதை ஆற்றியிருக்கிறார்கள், ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது" என்று என் கணவரே சொல்லிவிட்டார். அத்தை இப்போது என்னைத் தண்ணீர் மோந்து குடிக்கக்கூட விடுவதில்லை.

நொய்யல்கரை எழுதியது:

ஏழு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். எடுத்த துண்டின் ஆழம் 9 மில்லிமீட்டர், விளிம்புகளில் மாற்றம் இல்லை, புற்றுநோய் இல்லை. ஆறாவது மாத எச்.பி.வி. சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இனி குழந்தைக்கு முயலலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆண்டுதோறும் சோதனைக்கு வர வேண்டும், மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்தபின் இடைவெளியைக் கூட்டலாம், ஆனால் குறைந்தது 25 ஆண்டுகளுக்கு நிறுத்தவே கூடாது என்றார். அப்போது எனக்கு 55 வயது ஆகியிருக்கும். இன்னும் விசேஷம் எதுவுமில்லை. எதற்காக முதலில் மருத்துவரைப் பார்க்கப் போனோமோ, அந்தச் சோதனைகளை அடுத்த வாரம் மறுபடி தொடங்குகிறோம். இந்த முறை அவருக்கும் சேர்த்து.

புதுவெள்ளம் எழுதியது:

பழைய இழை என்றாலும் கேட்கிறேன். வயது 24, திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. எனக்கு வந்திருப்பது சி.ஐ.என். 2. நானும் உடனே லீப் செய்துகொள்ள வேண்டுமா?

வைகைச்செவிலி எழுதியது:

உங்கள் வயதில், 2 என்ற நிலையில், காத்திருப்பது முறையான வழிகளில் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது தானே மறைகிறது. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்கே 3க்கு ஏறுகிறது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோல்போஸ்கோப்பிக்கு வருவது நிபந்தனை. திருமணத்துக்குப் பிறகு நீங்கள் எந்த ஊரில் இருக்கப்போகிறீர்கள், அங்கே இந்த வசதி எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.